கோற்பந்தாட்டத்தில் தலைசிறந்தோர் யாவர்?
(ஒரு வரலாற்று நோக்கு)

எத்துறையாயினும் அத்துறையில் தலைசிறந்தோர் யாவர் என்னும் வினா எழுதல் இயல்பு. புலவருட் சிறந்தவர் யார், மன்னருட் சிறந்தவர் யார் என்று முன்னோர் வினாவியது போலவே, விளையாட்டு வீரருட் சிறந்தவர் யார் என இக்காலத்தவர் வினாவுகின்றனர். விடை கூறப் புகுவோர் பெரும்பாலும் எண்களையே துணைக்கொள்வர். பெற்ற பட்டங்கள் எத்தனை, ஈட்டிய புள்ளிகள் எத்தனை என்று எண்ணி, மிகுதியாகப் பெற்றவரை முதலிடத்தில் இருத்துவர். ஆயின், அவ்வெண்கள் எவ்விதிகளின் கீழ், எத்தனை வாய்ப்புகளிலிருந்து பிறந்தன என்று ஆராயாது அவற்றை ஒப்பிடுதல், மரக்காலால் அளந்த நெல்லையும் கொத்தால் அளந்த நெல்லையும் எண்ணிக்கை மாத்திரங் கொண்டு ஒப்பிடுதல் போலாகும். இவ்வுண்மையைத் தெளிவாகக் காட்டுவது மேசைமேற் கோல்கொண்டு பந்தடிக்கும் ஆட்டங்களின் வரலாறு. அவ்வரலாற்றில் இலங்கையர் ஒருவருக்கும் உரிய இடம் உண்டு.

அக்கராயனை அண்டிய ஸ்கந்தபுரம் முதலிய வன்னிக் கிராமங்களில் இவ்வாட்டங்கள் அறிமுகமானவையல்ல. அங்குள்ள சனசமூக நிலையங்களிலும் வீட்டுத் திண்ணைகளிலும் மாலைப் பொழுதிற் காணப்படுவது கரம் பலகையே. ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், ஒரு சிவப்புக் காய் என்பவற்றை நான்கு மூலைக் குழிகளுள் வீழ்த்தும் அவ்வாட்டமும் கோற்பந்தாட்டமும் நெருங்கிய உறவின. இரண்டிலும் கோணமறிந்து அடித்தலும், பலகையின் விளிம்பில் மோதித் திரும்பும் வழியைக் கணித்தலும், இவ்வடியோடு அடுத்த அடியையும் சிந்தித்தலும் வேண்டப்படும். கரம் ஆடியவர் எவரும் அறிந்த உண்மை ஒன்றுண்டு. நன்கு மாத்தூவி வழுவழுப்பாக்கிய பலகையில் ஒருவன் காட்டும் திறமையும், மழைக்காலத்து ஈரத்தில் ஊறிய பலகையில் மற்றொருவன் காட்டும் திறமையும் ஒரே அளவுகோலுக்கு உட்படா. உலகப் புகழ்பெற்ற வீரர்களை ஒப்பிடும் இடத்தும் இவ்வுண்மையை மறத்தலாகாது.

கோற்பந்தாட்டங்களுள் ஈண்டு நோக்கத்தக்கவை மூன்று. அவற்றுட் பழையது பில்லியட்ஸ். ஏறத்தாழப் பன்னிரண்டு அடி நீளமும் ஆறு அடி அகலமும் உடைய மேசையில் மூன்று பந்துகளைக் கொண்டு ஆடப்படுவது. தன் பந்தால் ஏனைய இரு பந்துகளையும் ஒரே அடியில் தொடுவதாலும், பந்தைப் பையில் இடுவதாலும் புள்ளிகள் கிடைக்கும். தவறு நேரும்வரை ஆடுபவர் தொடர்ந்து ஆடலாம். அவ்வாறு ஒரே தொடராக ஈட்டும் புள்ளிகளைத் தொடர்ப்புள்ளி எனலாம். இரண்டாவதாகிய ஸ்நூக்கர், பதினைந்து சிவப்புப் பந்துகளும் வேறு ஆறு நிறப் பந்துகளும் கொண்டு ஆடப்படுவது. மூன்றாவது, அமெரிக்காவில் 1920களில் வளர்ச்சியுற்ற ஒன்பது பந்தாட்டம். இஃது அளவிற் சிறிய மேசைக்குரியது.

இவற்றுள் ஸ்நூக்கர் பிறந்தது இந்திய மண்ணிலேயே என்பது பலர் அறியாத செய்தி. 1875 ஆம் ஆண்டில் மத்திய இந்தியாவின் ஜபல்பூரில் தங்கியிருந்த பிரித்தானியப் படை அலுவலருள் ஒருவரான நெவில் சேம்பலின், அக்காலத்து வழங்கிய வேறு ஆட்டங்களை இணைத்து இதனை உருவாக்கினார். பிற்காலத்தில் இங்கிலாந்தின் பிரதமராயிருந்த சேம்பலின் வேறு, இவர் வேறு. 1880களில் தமிழகத்தின் உதகமண்டலத்துக் கழகத்தில் இவ்வாட்டத்தின் விதிகள் எழுதப்பெற்றுச் சுவரில் தொங்கவிடப்பட்டன. இவ்வரலாறு நெடுங்காலம் மறைந்து கிடந்து, 1938 இல் முதிய வயதில் சேம்பலின் எழுதிய கடிதமொன்றினால் வெளிப்பட்டது. நீலகிரியின் குளிர்ந்த மலையிலே சில அலுவலர் மழைநாளைக் கழிக்க ஆடிய ஆட்டம் உலகெங்கும் பரவியமை வியத்தற்குரியது. எனினும், அக்கழகத்தின் மேசையருகே அந்நாளில் இந்நாட்டவர் நின்றது ஏவலராக மாத்திரமே. ஆட்டக்காரராக அவர்கள் உலக அரங்கேற மேலும் முக்கால் நூற்றாண்டு சென்றது.

முதலில் ஒன்பது பந்தாட்டத்தை நோக்குதல் தகும். ஏனெனில், தலைசிறந்தவர் யார் என்னும் வழக்கு அவ்வாட்டத்திலேயே மிக்க சூடாக நடைபெற்று வந்துள்ளது. அதில் ஒன்று முதல் ஒன்பது வரை எண்ணிட்ட பந்துகள் உள. மேசையிலுள்ள பந்துகளுள் மிகச் சிறிய எண்ணுடையதையே முதலில் தொடுதல் வேண்டும். ஒன்பதாம் பந்தை முறைப்படி பையில் இட்டவர் அவ்வாட்டத்தை வென்றவராவர். முதலடியிலேயே ஒன்பதாம் பந்து வீழினும் வெற்றியே. எனவே, குறுகிய போட்டிகளில் நற்பேறு பெருமளவு புகுந்துவிடுகிறது. நீண்ட போட்டிகளிலேயே திறமை மேலோங்கும்.

இத்துறையில் எதிரெதிரே வைத்துப் பேசப்படுவோர் இருவர். ஒருவர் அமெரிக்கரான ஏர்ல் ஸ்ட்ரிக்லண்ட். மற்றவர் பிலிப்பைன்ஸ் நாட்டவரான எஃப்ரன் ரேயஸ். ஸ்ட்ரிக்லண்ட் 1990, 1991, 2002 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டத்தையும், ஐந்து முறை அமெரிக்கப் பகிரங்கப் போட்டியையும் வென்றவர். ரேயஸ் ஒன்பது பந்தாட்டத்தில் உலகப் பட்டம் பெற்றது 1999 இல் ஒரே முறை. எண்ணிக்கை மாத்திரமே அளவாயின் வழக்கு இத்துடன் முடிந்துவிடும். ஆயின் அது முடியவில்லை. 1994 இல் அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை வென்ற முதல் வெளிநாட்டவர் ரேயஸ். 2004 இல் எட்டுப் பந்தாட்டத்திலும் உலகப் பட்டம் பெற்றார். மணிலாவில் உறவினர் ஒருவரின் ஆட்டக்கூடத்தில் வளர்ந்து, மேசை எட்டாத வயதிற் சோடாப் பெட்டிகளின் மேல் நின்று ஆடப் பழகியவர் அவர். 1985 இல் அமெரிக்காவுக்குச் சென்றபோது வேறொரு பெயரைச் சூடிக்கொண்டே ஆடினார். பெயரின் துணையின்றிக் கையின் திறமை மாத்திரமே பேசிய அந்நாட்களில் எதிர்நின்ற அமெரிக்க வீரர் பலர் தோற்றனர்.

இவ்விருவரும் 1996 இல் ஹொங்கொங்கில் நேருக்கு நேர் மோதினர். முதலில் 120 ஆட்டங்களை வெல்பவருக்கு ஓரிலட்சம் அமெரிக்க டொலர் என்பது நிபந்தனை. மூன்று நாட்கள் நீடித்த அப்போட்டியில் 120க்கு 117 என்னும் கணக்கில் ரேயஸ் வென்றார். இருநூற்று முப்பத்தேழு ஆட்டங்களின் முடிவில் வேறுபாடு மூன்றே. இது ரேயஸின் மேன்மைக்குச் சான்றா, இருவரும் நிகரானவர் என்பதற்குச் சான்றா என்று கேட்பின், பின்னதே பொருந்தும். நேருக்கு நேர் மோதியும் தீராத வழக்கு, ஒருவரையொருவர் காணாத காலங்களில் வாழ்ந்தோரிடையே எவ்வாறு எளிதில் தீரும்?

இனி, தொடர்ப்புள்ளி என்னும் அளவை எடுத்துக்கொள்ளலாம். பில்லியட்ஸ் வரலாற்றில் மிகப் பெரிய தொடர்ப்புள்ளி 499,135 ஆகும். இதனை 1907 இல் இலண்டனில் டொம் ரீஸ் என்பவர் ஈட்டினார். இலக்கத்தைக் கேட்டோர் மலைப்பர். உண்மை யாதெனின், இரு பந்துகளைப் பையின் வாயருகே அசையாது நிறுத்தி, தம் பந்தால் அவற்றை மெல்ல மெல்லத் தொட்டுக்கொண்டே ரீஸ் வாரக்கணக்காக ஆடினார். அந்நேரம் முழுவதும் பத்திரிகையாளரும் பொதுமக்களும் உடனிருக்கவில்லை என்ற காரணத்தால் அது சாதனையாக ஏற்கப்படவில்லை. அத்தகைய அடியும் பின்னர் விதியால் தடுக்கப்பட்டது. எனவே, மிகப் பெரிய எண்ணை ஈட்டியவர் மிகச் சிறந்த வீரராகக் கருதப்படவில்லை.

அவ்விடத்துக்கு உரியவராகப் பெரும்பாலோர் ஒப்புக்கொள்பவர் அவுஸ்திரேலியரான வால்டர் லிண்ட்ரம். 1898 இல் பிறந்து 1960 இல் மறைந்த இவர், 1932 இல் இலண்டனில் ஜோ டேவிசுக்கு எதிராக 4137 என்னும் தொடர்ப்புள்ளியைப் பெற்றார். அந்த ஜோ டேவிஸ் எளியவரல்லர். 1927 முதல் 1946 வரை நடைபெற்ற ஸ்நூக்கர் உலகப் போட்டிகள் பதினைந்திலும் வென்ற பெருவீரர். லிண்ட்ரமின் ஆட்டம் எதிரிக்கு அடிக்கும் வாய்ப்பையே அளிக்காதபடியால், குறித்த புள்ளிகளுக்கு ஒருமுறை அடிபந்து மேசையின் குறுக்குக் கோட்டைக் கடத்தல் வேண்டும் என்னும் புதுவிதி புகுத்தப்பட்டது. ஒருவருடைய திறமையைக் கட்டுப்படுத்துதற்காக விதியே மாற்றப்படுமாயின் அதனினும் பெரிய சான்றிதழ் வேறில்லை. 1933 இலும் 1934 இலும் உலகத் தொழின்முறைப் பட்டத்தை வென்ற அவரிடமே, போட்டி நடைபெறாமையால், 1950 இல் ஓய்வுபெறும்வரை அப்பட்டம் இருந்தது. பட்டங்களை மாத்திரம் எண்ணுவோர்க்கு லிண்ட்ரம் இரு பட்டங்களே பெற்றவராகத் தோன்றுவர். எண்ணிக்கையின் குறைபாட்டுக்கு இஃதொன்றே போதிய எடுத்துக்காட்டாகும்.

இவ்வாறிருக்க, தென்னாசிய வீரரின் எழுச்சி தொழின்முறை சாரா உலகப் போட்டிகளிலேயே நிகழ்ந்தது. முதலில் வாயிலைத் திறந்தவர் இந்தியரான வில்சன் ஜோன்ஸ். 1922 இற் பூனாவிற் பிறந்த அவர், 1958 இற் கல்கத்தாவில் நடைபெற்ற போட்டியில் உலக பில்லியட்ஸ் சம்பியனானார். தனிநபர் விளையாட்டொன்றில் இந்தியர் ஒருவர் பெற்ற முதல் உலகப் பட்டம் அதுவே. 1964 இல் நியூசிலாந்தில் மீண்டும் அப்பட்டத்தை வென்றார். பன்னிரண்டு முறை இந்திய தேசிய பில்லியட்ஸ் சம்பியனாய் விளங்கிய அவர் 2003 இல் மறைந்தார்.

வில்சன் ஜோன்ஸ் திறந்த வாயிலின் வழியே இலங்கையர் ஒருவரும் நுழைந்தார். அவரே எம். ஜே. எம். லாபிர். 1930 இற் பிறந்த அவர், 1963 இற் கல்கத்தாவில் முதன்முதலாக நடைபெற்ற தொழின்முறை சாரா உலக ஸ்நூக்கர் போட்டியில் இலங்கையின் சார்பில் ஆடினார். அதில் இங்கிலாந்தின் கரி ஓவன் வெற்றி பெற்றார். 1967 இல் உலக பில்லியட்ஸ் போட்டி கொழும்பிலேயே நடந்தபோது பட்டம் இங்கிலாந்தின் லெஸ்லி டிரிஃபீல்டைச் சென்றடைந்தது. முடிவில் 1973 இற் பம்பாயில் நடைபெற்ற போட்டியில் லாபிர் உலக சம்பியனானார். இரண்டாம் இடத்தைப் பெற்றவர் இந்தியரான சதீஷ் மோகன். அப்போட்டியில் லாபிர் 859 என்னும் பெருந்தொடர்ப்புள்ளியையும் பெற்றார்.

இவ்வெற்றியின் சிறப்பை உணரக் காலத்தையும் இடத்தையும் நோக்குதல் வேண்டும். நாடு குடியரசாகி, சிறீ லங்கா என்னும் பெயரை ஏற்றது 1972 மே மாதத்தில். அடுத்த ஆண்டிலேயே அப்பெயர் உலக சம்பியன் பட்டியலில் இடம்பெற்றது. விளையாட்டுத் துறையில் இலங்கைக்குக் கிட்டிய முதல் உலகப் பட்டம் அது. கிரிக்கெட்டில் இலங்கை ரெஸ்ட் தகுதி பெற்றது 1981 இல். உலகக் கிண்ணத்தை வென்றது 1996 இல். லாபிரோ, ரெஸ்ட் தகுதி கிடைத்ததற்குச் சில மாதங்களின் முன், 1981 ஏப்ரலில் மறைந்தார். அவர் வென்ற இடமும் கருதத்தக்கது. பம்பாய், வில்சன் ஜோன்ஸும் மைக்கேல் ஃபெரேராவும் வாழ்ந்து ஆடிய நகரம். இந்திய பில்லியட்ஸின் கோட்டை என்றே அதனைக் கூறலாம். பிறர் கோட்டையிற் பெற்ற வெற்றி தன் முற்றத்திற் பெற்ற வெற்றியினும் மதிப்புடையது.

லாபிருக்குப் பின்வந்த இந்தியர் மூவர் பெரும் புகழெய்தினர். மைக்கேல் ஃபெரேரா 1977, 1981, 1983 ஆகிய ஆண்டுகளில் உலகப் பட்டம் பெற்றார். 1978 இல் 1149 என்னும் தொடர்ப்புள்ளியை ஈட்டி, ஆயிரத்தைக் கடந்த முதல் தொழின்முறை சாரா வீரரானார். கிரிக்கெட் வீரர் சுனில் கவாஸ்கருக்குப் பத்ம பூஷண் வழங்கிய அரசு, தமக்கு அதனினும் தாழ்ந்த பத்ம ஸ்ரீ வழங்க முற்பட்டபோது ஃபெரேரா அதனை ஏற்க மறுத்தார். 1983 இற் பத்ம பூஷண் விருதே அவருக்குக் கிடைத்தது. கீத் சேத்தி, 1985, 1987, 2001 ஆகிய ஆண்டுகளில் தொழின்முறை சாராப் பட்டத்தையும், 1992 தொடங்கி ஐந்து முறை தொழின்முறைப் பட்டத்தையும் வென்றார். 1992 இல் அவர் பெற்ற 1276 என்னும் தொடர்ப்புள்ளி நெடுங்காலம் முறியாதிருந்தது. 2014 இலேயே சிங்கப்பூரின் பீற்றர் கில்கிறிஸ்ட் 1346 பெற்று அதனைக் கடந்தார். 1985 இற் பிறந்த பங்கஜ் அத்வானி, 2003 இல் ஸ்நூக்கரில் உலகப் பட்டம் பெற்றுத் தொடங்கி, 2024 வரை இரு ஆட்டங்களிலும் 28 உலகப் பட்டங்களைக் குவித்தார்.

இப்பொழுது ஒப்பீடு எழுகின்றது. லாபிருக்கு ஒன்று. ஜோன்ஸுக்கு இரண்டு. அத்வானிக்கு இருபத்தெட்டு. எண்ணிக்கையின் வழி நின்று தீர்ப்புக் கூறின், லாபிரின் பெயரே பேச்சில் எழாது. ஆயின், அவ்வெண்களின் பின்னணி யாது? 1951 முதல் 1973 வரை இருபத்துமூன்று ஆண்டுகளில் தொழின்முறை சாரா உலக பில்லியட்ஸ் போட்டி நடைபெற்றது பதினொரு முறையே. ஓராண்டில் நோயுற்றவனோ, கடற்பயணத்துக்குப் பணமற்றவனோ அடுத்த வாய்ப்புக்காக இரண்டு மூன்று ஆண்டுகள் காத்திருத்தல் வேண்டும். போட்டியின் வகையும் ஒன்றே. அத்வானியின் காலத்திலோ ஸ்நூக்கரிற் பதினைந்து சிவப்புப் பந்துடனும் ஆறு சிவப்புப் பந்துடனும், பில்லியட்ஸில் நேரக்கணக்கிலும் புள்ளிக்கணக்கிலும், தனித்தும் குழுவாகவும் எனப் பலவகைப் போட்டிகள் ஏற்பட்டன. 2005 இலும் 2008 இலும் நேரக்கணக்கு, புள்ளிக்கணக்கு ஆகிய இரண்டிலும் ஒரே ஆண்டில் அவர் பட்டம் பெற்றார். 1973 இல் லாபிர் எத்துணை வல்லவராயிருந்தாலும் ஓராண்டில் இரு உலக பில்லியட்ஸ் பட்டங்களைப் பெற்றிருக்க இயலாது. அத்தகைய இரண்டாவது பட்டமே அன்று இருக்கவில்லை.

தொடர்ப்புள்ளியைக் கொண்டு அளப்பினும் இதே இடர்ப்பாடு தோன்றும். சிவப்புப் பந்தை அதற்குரிய இடத்திலிருந்து தொடர்ந்து எத்தனை முறை பையில் இடலாம் என்னும் வரம்பு காலத்துக்குக் காலம் மாறியது. வரம்பு தளர்ந்த காலத்தில் எண்கள் பெருகின. இறுகிய காலத்திற் சுருங்கின. அன்றியும், நூற்றைம்பது புள்ளிகளுடன் ஆட்டம் முடியும் இக்காலப் புள்ளிக்கணக்குப் போட்டியில் எத்துணை வல்லவரும் 859 ஐ எட்ட வழியில்லை. ஆகவே, பட்ட எண்ணிக்கையில் லாபிரை அத்வானியின் கீழ் வைப்பது எத்துணைப் பிழையோ, தொடர்ப்புள்ளியில் அத்வானியை லாபிரின் கீழ் வைப்பதும் அத்துணைப் பிழையேயாகும்.

இதன் பொருள் அத்வானியின் பெருமை குறைந்தது என்பதன்று. வாய்ப்புகள் பலவாயினமை அவர் காலத்தவர் அனைவருக்கும் பொதுவானதே. அவ்வாய்ப்புகளை அவரளவு பயன்படுத்தியோர் வேறிலர். பில்லியட்ஸும் ஸ்நூக்கரும் வெவ்வேறு மனப்பாங்கை வேண்டுவன. முன்னது பந்துகளை அருகே பேணி வளர்க்கும் பொறுமையையும், பின்னது நெடுந்தூரத்து அடியின் துணிவையும் வேண்டும். இரண்டிலும் உலக முதன்மை பெற்றமையும், இருபதாண்டுக்கு மேல் அதனைக் காத்தமையும் எவ்விதி மாற்றத்தாலும் குறையா.

அவ்வாறாயின் எவ்வளவுகோல் பொருந்தும்? மூன்று வினாக்களை எழுப்புதல் தகும். தம் காலத்து விதிகளின் கீழ், தம் காலத்து வல்லவர் அனைவரையும் எதிர்த்து நின்றாரா? அவருக்குக் கிட்டிய வாய்ப்புகளுள் எத்தனை பங்கை வெற்றியாக்கினார்? அவருக்குப் பின் அவ்வாட்டமோ, அவர் நாடோ முன்பிருந்த நிலையில் இருந்ததா? இம்மூன்றாலும் நோக்கின் உலக பில்லியட்ஸில் லிண்ட்ரமின் முதலிடம் அசையாது. ஒன்பது பந்தாட்டத்தில் ஸ்ட்ரிக்லண்டும் ரேயஸும் ஒரே படியில் நிற்பர். ஆயினும், மூன்றாம் வினாவுக்கு விடையாகத் தம் நாட்டில் ஒரு வீரர் பரம்பரையையே தோற்றுவித்த ரேயஸின் பக்கம் தராசு சிறிது சாயும். தென்னாசியரில் ஆற்றலின் விரிவால் அத்வானியும், வழிதிறந்தமையால் வில்சன் ஜோன்ஸும் முன்னிற்பர். ஃபெரேராவும் சேத்தியும் அவர்களை அடுத்து நிற்பர்.

லாபிரின் இடம் எது? இரண்டாம் வினாவில் அவர் ஜோன்ஸுக்குப் பின்னரே வைக்கத்தக்கவர். ஒரே பட்டத்தைப் பல பட்டங்களாகக் காட்டுதல் வரலாறாகாது. ஆயினும், முதல் வினாவில் அவர் எவருக்கும் குறைந்தவரல்லர். மேசைகளும் பயிற்சியாளரும் அரிதாயிருந்த சிறு தீவிலிருந்து சென்று, பெருநாட்டின் கோட்டையில் உலகப் பட்டம் வென்றவர். மூன்றாம் வினாவுக்கு விடை துயரமானது. கிரிக்கெட்டின் 1996 ஆம் ஆண்டு வெற்றியைப் போன்று லாபிரின் வெற்றி நாட்டின் நினைவில் நிலைபெறவில்லை. அது வீரரின் குறையன்று. கழகங்களின் மூடிய கதவுக்குள் ஆடப்பட்ட ஆட்டம் மக்களின் ஆட்டமாக வளராமையே காரணம். மணிலாவில் வறிய சிறுவனும் பெட்டிமேல் நின்று கோல் பிடித்தல் கூடியதாயிருந்தது. இலங்கையின் கிராமத்துச் சிறுவனுக்கு அவ்வாய்ப்புக் கிட்டவில்லை. முதல்வன் தோன்றியும் வழித்தோன்றல் அரிதானமைக்கு இவ்வேறுபாடே விளக்கமாகும்.

ஆகவே, தலைசிறந்தோர் பட்டியலில் லாபிரை முதலிடத்தில் இருத்த வேண்டியதில்லை. அப்பட்டியலிலிருந்து நீக்கவும் இயலாது. பட்டியல் வகுக்கும் மாணவர் முதலிற் கேட்க வேண்டியது, எத்தனை வென்றார் என்பதன்று. எத்தனை வாய்ப்புகளில், எவ்விதியின் கீழ், எவரை எதிர்த்து வென்றார் என்பதே. ஸ்கந்தபுரத்துத் திண்ணையில் ஈரப் பலகையின் முன் அமர்ந்து சிவப்புக் காயைக் குழிக்குள் இட்ட சிறுவன் இதனை எவர் சொல்லாமலும் அறிவான்.